முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மிளகாய் மெஷினில் ஓடுகிற பெல்ட் ஜெர்மன் காருக்குப் பொருந்தும். இது அந்தக் காரைச் செய்த ஜெர்மன்காரனுக்குத் தெரியாது. எனக்கும் சகாதேவனுக்கும்தான் தெரியும். லாரியின் ரேடியேட்டர் மூடியும் சரியாக உட்காரும், அடியில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தால். வைப்பர்களில் ஒன்று அம்பாசிடருடையது, இன்னொன்று கிடையாது. மழை பெய்தால் வண்டிக்குள் ஒருவருக்குத்தான் உலகம் தெரியும். நல்லவேளையாக அது நான்.

கம்பெனியின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கௌரவமானவர்கள், பெல்ட் விஷயம் தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

என் பெயர் கபாலி. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் எதிரே டைப்ரைட்டர் வைத்து மனு அடித்துக்கொடுக்கிறேன். எண்பத்தொன்பதில் இது தனி மாவட்டமான பிறகு ஜனங்களுக்குக் குறைகள் அதிகமாயின, எனக்குப் பிழைப்பு வந்தது. தொண்ணூற்றொன்றில் ஒரு ஜெர்மன் சாமியாரிடமிருந்து வண்டியை வாங்கினேன். ஊரிலிருந்து தரை வழியாகவே அதை ஓட்டிக்கொண்டு வந்து, மலையைப் பார்த்து, எல்லாவற்றையும் துறந்தவர். துறந்தவர் என்றாலும் நன்றாகப் பேரம் பேசினார். இரண்டே கதவு, இடது பக்கம் ஸ்டியரிங், பின்புறம் சரிந்து இறங்கும் கூரை. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். அது எத்தனை முறை பூஜ்யத்துக்குத் திரும்பியது என்று கேட்டேன். மேலே பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஞானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வண்டி எனக்கு எதற்கு என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. மனு அடிப்பவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள். வண்டி ஓடிய நாட்களில் தேரடித் தெருவில் ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓடாத நாட்களில் இன்னும் நன்றாகப் பார்த்தார்கள்.

"இன்னா கபாலி, இன்னிக்கு வண்டி உன்ன இட்டுனு போவுதா, நீ வண்டிய இட்டுனு போறியா?" என்பார் டீக்கடை ராஜமாணிக்கம்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுனு ஆளுக்கு ஒரு நாள் இட்டுனு போறோம்" என்பேன்.

நானே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது கொஞ்சம் கம்மியாக வலிக்கும். ஆறு வருடம் அப்படிச் சிரித்தேன்.

சகாதேவனுக்கு அவலூர்ப்பேட்டை ரோட்டில் லேத் பட்டறை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகளின் பம்புசெட்டு ஷாஃப்டுகளெல்லாம் அவனிடம்தான் வரும். என்னைவிட நான்கு வயது இளையவன். காதால் வேலை செய்கிறவன். பட்டறைக்குள் குனிந்தபடியே, ரோட்டில் போகிற பஸ்ஸுக்கு எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வான். என் வண்டியை அவன் ஒருவன்தான் கேலி செய்யவில்லை. சீக்காளியைப் பார்ப்பது போல் பார்ப்பான்.

தொண்ணூற்றேழு ஆடியில் எஞ்சின் ஒரேயடியாகப் புகை தள்ள ஆரம்பித்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் என்னை வாயாரத் திட்டினார்கள். என் மனைவி ரேணுகாம்பாளின் சங்கிலி அடகுக்குப் போனது. சகாதேவன் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் மூன்று நாள் கடைகடையாக ஏறி இறங்கி பிஸ்டன் தேடிக்கொண்டு வந்தான். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி அதைப் பொருத்தினான். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

வண்டியைக் கொடுக்கும்போது சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

"அண்ணே, இதான் கடைசி. இனிமே கொடையறதுக்கு அதுல எடம் இல்ல. மொத ஆயிரம் கிலோமீட்டர் நாப்பதத் தாண்டக் கூடாது. முப்பது, முப்பத்தஞ்சுக்கு ஒரு தபா நிறுத்தி ஆற வைங்க. புது ரிங்கு பதமா ஒக்காரணும். அவசரப்பட்டீங்கன்னா எல்லாம் ஒரசிப் போயிடும். அப்பறம் காயலாங்கடைதான்."

"சரிப்பா."

"சரின்னா பத்தாது. மலையப் பாத்துச் சொல்லுங்க."

மலையைப் பார்த்துச் சொன்னேன்.

"நாப்பத்திரண்டு ஆச்சுன்னாகூட பட்டறைல ஒக்காந்தே எனக்குக் கேக்கும், ஆமா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பினேன். ஸ்டார்ட்டர் கத்தியது. எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம்தான் இல்லை. பக்கத்து சீட்டில் ரேணுகாம்பாள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஆறு வருடத்தில் அந்த வண்டிக்குள் நான் கேட்ட முதல் மூச்சு அது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனு அடிப்பதற்குள் நாலு முறை எழுந்து போய் வண்டியைப் பார்ப்பேன். எங்கோ போயாக வேண்டும் போலிருக்கும், எங்கே என்று தெரியாது. ஆயிரம் முடியட்டும், எங்கேயாவது போகலாம் என்று இருந்தேன். ஆவணி பிறந்தபோது எழுபது கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், காலை ஒன்பதரை மணி. பட்டறையில் சகாதேவனுக்கு நெஞ்சு வலி. பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். தகவல் வந்ததும் முதலில் ஓடியவன் நான்தான். இதை நீங்கள் மறக்கக் கூடாது. அடித்துக்கொண்டிருந்த மனுவைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியோடு போய் நின்றேன்.

அட்டாக் என்றார் டாக்டர். "இதுக்கான வசதி இங்க இல்ல. வேலூர் போயிடுங்க. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போய்ச் சேந்தா காப்பாத்திடலாம்."

வேலூர் எண்பத்திரண்டு கிலோமீட்டர். ஊரில் இருந்த அத்தனை டாக்சியும் கல்யாணங்களுக்குப் போயிருந்தன. சகாதேவனின் மனைவி பொன்னி அடி அண்ணாமலையிலிருந்து தசரதனின் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தசரதன் எஞ்சினை அணைக்கவே இல்லை.

"ஏத்துங்கக்கா. ஒரே அழுத்தா அழுத்திடறேன்."

"ஆட்டோ குலுக்கிப் போட்டுடும்பா. என் வண்டியில படுத்துனு வரட்டும்" என்றேன்.

நியாயமான பேச்சு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முன் சீட்டை மடக்கி, அந்தக் குறுகலான இடுக்கு வழியாக நாலு பேர் அவனைப் பின்னால் நுழைத்தார்கள். வலது ஓரத்தில் உட்கார்ந்த பொன்னியின் மடியில் தலை, என் சீட்டின் முதுகில் கால்.

பத்தேகாலுக்குக் கிளம்பினோம். போளூர் ரோட்டுக்கு வந்ததும் முள் நாற்பதுக்கு வந்தது. அங்கேயே வைத்துக்கொண்டேன்.

இதில் யோசித்து எடுத்த முடிவு எதுவும் கிடையாது. இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும், எஞ்சின் சூடாகட்டும், பிறகு ஏற்றலாம் என்றுதான் இருந்தேன். எஞ்சின் சூடானதும், சூட்டில் ஏற்றினால் உரசுமே என்று தோன்றியது. கல்யாண வேன்கள் எங்களைத் தாண்டிப் போயின. வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தாண்டிப் போனது. பொன்னி ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் வண்டியின் வண்டவாளம் ஆறு வருடமாக ஊருக்கே தெரியும். அது போவதே பெரிது என்று நினைத்திருப்பாள்.

போளூரில் நிறுத்தினேன்.

"இன்னாண்ணே?"

"தண்ணி பாக்கணும்மா. சூடாயிடுச்சு."

"பாருங்கண்ணே. வழியில நின்னுட்டா இன்னும் கஷ்டம்."

பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன். தண்ணீர் சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. நான் ஒன்றும் கல் இல்லை. எதிர்க் கடையில் சோடா வாங்கி வந்து அவன் உதட்டை நனைத்தேன். கண்ணைத் திறந்தான்.

"அண்ணே... நாப்பதா?"

"நாப்பதுதாண்டா சகா. சொன்ன சொல் மாறல."

அவன் முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

கண்ணமங்கலத்திலும் நிறுத்தினேன், ஐந்து நிமிடம். அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவன் ஏதோ சொன்னான். எஞ்சின் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. அவன் கால் என் சீட்டின் முதுகை உதைத்துக்கொண்டிருந்தது. "கால் இழுக்குதுண்ணே" என்று சொல்லிப் பொன்னி எட்டி எட்டித் தேய்த்துவிட்டாள். வேலூரில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது பன்னிரண்டரை. பத்து நிமிடத்தில் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம். ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். பொன்னி முந்திக்கொண்டாள்.

"பழைய வண்டிங்க சார். நிறுத்தி நிறுத்தி இட்டுனு வந்தாரு. பாவம், அதுக்குமேல அண்ணன் இன்னா பண்ணுவாரு?"

வாயை மூடிக்கொண்டேன்.

அவனை வேனில் கொண்டுபோனார்கள். பொன்னியும் அதில் போய்விட்டாள். நான் தனியாகத் திரும்பினேன், அதே நாற்பதில். கண்ணமங்கலத்தில் ஐந்து நிமிடம், போளூரில் ஐந்து நிமிடம். வழியெல்லாம் அழுதேன். அழுகையின் நடுவே முள்ளையும் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் இன்னும் எழுநூற்று அறுபத்தாறு பாக்கி.

மலையைச் சுற்றினால் பதினான்கு கிலோமீட்டர். ஐம்பத்தைந்து சுற்றில் முடிந்துவிடும். பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் கிரிவலப் பாதை காலியாக இருக்கும், சிக்னல் இல்லை, அவசரம் இல்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்புவேன். சகாதேவன் ஆன்மாவுக்காகக் கபாலி மலை சுற்றுகிறான் என்று ஊரில் பேச்சு வந்தது. ராஜமாணிக்கம் கேலியை விட்டுவிட்டு, டீக்குக் காசு வேண்டாம் என்றார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். குடித்தேன். அடி அண்ணாமலையில் பொன்னி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். வண்டியைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவாள். மலையைத்தான் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். மலை அவளுக்குப் பின்னால் இருந்தது.

ஆயிரம் முடிந்த அன்று செங்கம் ரோட்டில் எண்பது வரை போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. சகாதேவனின் வேலை அவ்வளவு சுத்தம். அவனுக்குக் கொடுத்த வாக்கு வீண்போகவில்லை என்று அன்று எனக்கு நிம்மதிகூட வந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு மறுபடியும் மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. இந்த ஒரு வருடமும் அப்படித்தான் போகிறது.

இன்று காலை பொன்னி என் கடைக்கு வந்தாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி நோட்டீஸுக்கு வாசகம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நல்லபடியாக அடித்துக்கொடுத்தால் பிரஸ்ஸில் கொடுத்துவிடுவாளாம். பிறப்பு, மறைவு, பிரிவால் வாடும் மனைவி, எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'உயிரைக் காப்பாற்ற வேலூர் வரை விரைந்து கொண்டுசென்ற அண்ணன் கபாலி அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் கண்ணீர் நன்றி.'

"உங்க பேரு பெருசா வரணும்ணே" என்றாள். "அவரோட பேரு அளவுக்குப் பெருசா."

எத்தனையோ பேருடைய எத்தனையோ பொய்களை முகம் மாறாமல் அடித்துக்கொடுத்தவன் நான். மற்ற வரிகளையெல்லாம் அடித்துவிட்டேன். 'விரைந்து' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அந்தத் தாளை உருவி வைத்துவிட்டு, இந்தத் தாளைச் செருகினேன்.

கண்ணமங்கலம் தாண்டி அவன் சொன்னது எஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று மேலே அடித்திருக்கிறேன். அந்த எஞ்சினுக்குச் சத்தம் கிடையாது. அதையும் நான்தான் அடித்திருக்கிறேன். "ஏத்துங்கண்ணே" என்றான். இரண்டு தடவை சொன்னான். ரோடு நேராக இருந்தது. இரு பக்கமும் புளியமரம், எதிரே ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

கால் இழுக்கவும் இல்லை. இழுத்தால் இரண்டு காலும் இழுக்கும். அவன் வலது காலை மட்டும் என் சீட்டின் முதுகில் ஊன்றி, விரல்களால் நிதானமாக அழுத்திக்கொண்டிருந்தான், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் போல. அந்த அழுத்தம் என் முதுகில் தெரிந்தது. நான் சொல்லாமலே என் வலது காலும் கொஞ்சம் அழுந்தியது. எஞ்சினின் சுருதி ஒரு நூல் ஏறியது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவன் அழுத்துவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான்.

நான் மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

நாற்பதுக்கு இறக்கினேன்.