ஆனை, கப்பல், மாப்பிள்ளை

— அப்புறம்? மூக்கு எப்பிடி இருந்துச்சு?

— மூக்கு மாதிரிதான் இருந்துச்சு. சாரதா, என் நோட்ட இப்பிடிக் குடு. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு எனக்குப் பரீட்சை.

— குடுக்கமாட்டேன். எனக்கும் இன்னிக்குப் பரீட்சைதான் அண்ணே. அஞ்சு மணிக்கு அப்பா வெத்தலத் தட்டோட புக்கிட் பாருவுல மாப்பிள்ள வீட்டுக்குக் கெளம்புறாரு. அதுக்குள்ள நான் சரின்னு சொல்லணும். போட்டோ கேட்டா, "எதுக்குப் போட்டோ? தேவதாஸ்தான் நேர்லயே பாத்துட்டானே"ங்கிறாரு.

— பாத்தேன்ல? நல்ல மனுஷன். லோரி மொதலாளி. ஒசரம். செவப்பு. சிரிச்ச மொகம்.

— மூணு நாளா இதையேதான் சொல்ற. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. வயசு?

— இருபத்தெட்டுன்னு சொன்னாங்க.

— சொன்னாங்களா, பாத்தா தெரிஞ்சுச்சா?

— ஐயோ, மேகத்தக் கேளு லா! மெர்டேக்காவுக்கு, நாடு சொதந்திரம் ஆவறதுக்கு, இன்னும் ரெண்டு வாரம்தான். ஏர்போட்டுல ஆகாசத்தப் பாத்து எழுதுற வெள்ளைக்காரன் ஊருக்குப் போறான். அந்த நாக்காலிக்கு ஆறு பேரு நிக்கிறோம்.

— ஐயே, துணி காயுற கொடியச் சுத்திச் சுத்தி நடக்காத. எனக்குத் தல சுத்துது. ஒரு எடத்துல நில்லு, கேக்குறேன். ஆகாசத்த எத்தனையாப் பிரிக்கணும்?

— எட்டா. எட்டுல எத்தன பங்க மேகம் மறைச்சிருக்குன்னு எழுதணும்.

— அடி தட்டையா, தல மட்டும் பஞ்சு மூட்ட மாதிரி வீங்கியிருந்தா?

— க்யூமுலஸ்.

— கோழி எறகு மாதிரி, ரொம்ப ஒசரத்துல?

— சிரஸ். அம்புட்டும் ஐஸ் தூள். மழை தராது.

— பாய் விரிச்சாப்புல, சாம்பல் நெறத்துல?

— ஸ்ட்ராட்டஸ். நோட்டுல இருக்கறது ஒண்ணுகூட எனக்குத் தப்பாது.

— அப்ப நோட்ட மூடிட்டேன். மேல பாரு. அந்தத் தென்ன மரத்துக்கு நேரா. அது என்னா மேகம்?

— அதுவா? ஆனை மாதிரி இருக்கு. தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு.

— ஐயே! நம்ம ஊருக்கு மலாய்ல காஜா பேராங், கோவக்கார ஆனைன்னு பேரு வச்சாலும் வச்சாங்க, உனக்கு எதப் பாத்தாலும் ஆனை. நாளைக்கு வெள்ளைக்காரன்கிட்டயும் ஆனைன்னுதான் சொல்லுவியா? பேரச் சொல்லு.

— க்யூமுலஸ்.

— எட்டுல எத்தன பங்கு?

— மூணு.

— அண்ணே.

— என்னா? நாலா?

— அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் நீலம். வெளையாட்டுக்குக் காட்டுனேன்.

— நான் வேற பக்கம் பாத்திருப்பேன்.

— மேகம் அத்தனையும் கடல் பக்கம் கெடக்கு, உன் முதுகுக்குப் பின்னால. சரி, வேலிகிட்ட யாரோ நிக்கிறாங்களே, யாரு அது?

— பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்கா.

— அது தலகாணி. நான்தான் காலைல காயப்போட்டேன்.

— மெதுவாப் பேசு. உள்ள அம்மா இருக்கு.

— எத்தன நாளா இப்பிடி?

— சின்னதுலருந்தே கொஞ்சம் மங்கல்தான். இப்ப ரெண்டு வருஷமா மோசம். கை எட்டுற வரைக்கும் சுத்தமாத் தெரியும். அதுக்கு அங்கிட்டு எல்லாம் கஞ்சித் தண்ணி.

— அப்ப பாடாங்குத் தெடல்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, கப்பல் போவுது, முதலை போவுதுன்னு எங்களுக்கெல்லாம் காட்டுவியே?

— நான் வாய்க்கு வந்தத சொல்லுவேன். ஒடனே நீங்களே, "ஆமா அண்ணே, அதோ வாலு, அதோ கண்ணு"ம்பீங்க. மேகத்துல எதச் சொன்னாலும் தப்பாவாது சாரதா. பேரு கேட்டாத்தான் மாட்டிக்கிறேன்.

— டாக்டர் கண்ண சோதிச்சாருன்னியே?

— எனக்கு முன்னால நின்னவன் சுவத்துல இருந்த எழுத்தையெல்லாம் சத்தமா வாசிச்சான். அதையே நானும் சொன்னேன்.

— கண்ணாடி போட்டுத் தொலைய வேண்டியதுதானே?

— கண்ணுல கொறையில்லன்னு பாரத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. இப்பக் கண்ணாடியோட போய் நின்னா பொய் சொன்னேன்னு தொரத்திருவான். நீ வேணா நாளைக்கு வேலி ஓரமா வந்து நில்லேன். ஒரு தடவ இருமினா க்யூமுலஸ், ரெண்டு தடவ இருமினா சிரஸ்.

— அந்த ஆகாசத்துலதானே அண்ணே ஏரோப்பிளேன்ல ஆளுங்க வருவாங்க?

— தெரியும். அத நெனச்சுத்தான் மூணு நாளா சோறு எறங்கல.

— இரு. இரு. புக்கிட் பாருல நீ எங்க ஒக்காந்த?

— வாசல் பக்கம்.

— அவரு?

— எதுத்தாப்புல. கூடம் பெருசு.

— எவ்வளவு தூரம்?

— இங்கருந்து அந்த வேலி.

— அப்ப ஒசரம், செவப்பு, சிரிச்ச மொகம்?

— திரும்பி வரும்போது அப்பா வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு. "ஒசரமா இருக்காருல்ல? செவப்பா இருக்காருல்ல?" நானும் ஆமா, ஆமான்னேன்.

— அடப்பாவி!

— கொரல் நல்லாருந்துச்சு சாரதா. சத்தியமா. மெதுவான கொரல்.

— கொரல நான் என்ன செய்ய? கிட்டத்துல எதையுமே பாக்கலியா? ஒண்ணுகூடவா?

— கையப் பாத்தேன்.

— யாரு கைய?

— அவரு கையத்தான். அவரே காப்பி கொண்டாந்து நீட்டினாரு. வீட்டுல வேற ஆளு யாரும் இல்ல.

— சொல்லு.

— கிளாஸ் கொஞ்சம் நடுங்குச்சு. அடியில இருந்த பீரிங் தட்டுல சிந்திருச்சு.

— கையச் சொல்லு அண்ணே.

— நரம்பு பொடைச்சிருந்துச்சு. தோலு மடிப்பு மடிப்பா. மேல காப்பிக் கறை மாதிரி புள்ளி புள்ளியா. மயிரு வெள்ள. சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்னு நெனச்சேன். ஒழைச்ச கை, அதான் அப்பிடின்னு எடுத்துக்கிட்டேன்.

— இருபத்தெட்டு வயசுலயா?

— அழாத.

— அழல. மருதமுத்து மாமா சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து நின்னாரு, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ள பாக்கத் தாய்மாமன்தானே போவணும். அப்பா ஏன் அவர விட்டுட்டு உன்னக் கூட்டிக்கிட்டுப் போனாரு?

— "தேவதாஸ் வந்தாப் போதும்"னாரு. பெரிய மனுஷனா மதிக்கிறாருன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு.

— உன் கண்ணு இப்பிடின்னு யாருக்கெல்லாம் தெரியும்? அம்மாவுக்கு?

— தெரியாது.

— மாமாவுக்கு?

— யாருக்குமே தெரியாது சாரதா. அப்பாவுக்கு மட்டுந்தான்.