ஏழு சுற்று

எனக்குப் பென்சில்தான் பழக்கம். கத்தியால் சீவி, முனையைப் பழைய தாளில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டால் நாள் முழுக்க வேலை ஓடும். இதை எழுதவும் பென்சில்தான் கேட்டேன். வாக்குமூலத்தை அழிக்க முடிகிற எதிலும் எழுதக் கூடாது என்று சொல்லிப் பேனாவைக் கொடுத்தீர்கள். நியாயம்தான், ஐயா. பேனா கொஞ்சம் கக்குகிறது, அங்கங்கே மை அப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அருங்காட்சியகத்தில் ஓவியன். சொந்தமாகக் கற்பனை செய்கிற வேலை இல்லை. கல்லில் இருப்பதைத் தாளில் இறக்குகிற வேலை. இறந்துபோனவர் என் அக்காவின் கணவர், அதே இடத்தில் ஆய்வாளர். பழைய கடல்வழிகளைக் கரைத்துக் குடித்தவர். மூவருக்கும் ஒரே வீடு. அத்தானுக்கும் எனக்கும் ஒரே புத்தகம். இருபத்திரண்டு வருடம் அதில் உட்கார்ந்திருந்தோம். அட்டையில் இரண்டு பேருடைய பெயரும் வரும் என்று அத்தான் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார்.

புத்தகத்தின் விஷயம் இதுதான். நம் கரையில் ஒரு பாம்புக் கல் கிடைத்தது. ஏழு சுற்றுச் சுற்றிப் படுத்திருக்கும் பாம்பு, தலை இடப்பக்கம். பெருங்கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பாம்புக் கல் உண்டு. இரண்டு இடத்துக் கதையிலும் உலகத்தைச் சுமப்பது பாம்புதான். ஆகவே எல்லோரும் நினைப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆட்கள் கடலைத் தாண்டிப் போய்வந்திருக்கிறார்கள் என்பது அத்தானின் கட்சி. அவரை எதிர்த்து எழுதிய ஒருவர் இருந்தார், நாங்கள் குறுந்தாடி என்போம். பாம்பு எல்லா ஊரிலும் இருக்கிறது, பாம்பைக் கண்டால் பயமும் எல்லா ஊரிலும் இருக்கிறது, இதற்குக் கப்பல் எதற்கு என்று நக்கலடித்தார். அத்தான் அசரவில்லை. பயம் ஒத்துப்போகலாம், எண்ணிக்கை ஒத்துப்போகுமா என்று திருப்பிக் கேட்டார். ஏழு என்ற அந்த எண்ணின் மேல்தான் மொத்தப் புத்தகமும் நின்றது.

எண்ணியது நான்.

அந்தப் பக்கத்துக் கல்லின் புகைப்படம் தபாலில் வந்தது. கீழ்ப்பகுதி புல்லில் மறைந்திருந்தது. வெளியே தெரிந்தது ஐந்து சுற்று. நம் கல்லின் படத்தை மெல்லிய தாளில் எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஐந்தும் ஒட்டிக்கொண்டன. மிச்சம் இரண்டு புல்லுக்குள் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. வரைந்தேன். அத்தான் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கீழே ஒண்ணும் தெரியலையேடா?" என்றார். "லென்ஸ் வச்சுப் பாருங்க அத்தான்" என்றேன். பார்த்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில் அதற்குப் பிறகு ஒருநாள்கூட இருந்ததில்லை.

போன மாதம் அத்தானை அந்தக் கரைக்குப் பேச அழைத்தார்கள். போனார், கல்லைத் தொட்டுப் பார்த்தார், திரும்பி வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அஞ்சுதான்டா இருக்கு."

"மழையில தேஞ்சிருக்கும் அத்தான்."

"தேயறதுக்கு என்ன இருக்கு? அதுக்குக் கீழே உளியே படலை. வெறும் கல்லு."

நான் அத்தனை வருடம் சோறு தண்ணி பாராமல் கூடவே நின்றவன். ஒரு கல் சொன்னதை நம்பினார், என்னை நம்பவில்லை. அந்தக் கல்லில் பாம்பின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அக்காவையும் வைத்துக்கொண்டு, புத்தகம் வராது, தவறு என்று பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதே. உன் பேரே வராது. எல்லாம் நான் பண்ண தப்புன்னு எழுதிடறேன். சரிபார்க்காதது நான்தானே?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்திருப்பாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்த பெயரை எடுத்துவிட்டு, அதை எனக்குச் செய்யும் உதவி என்கிறார். சரி, தவறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தவறையும் தனக்கே எடுத்துக்கொண்டார். இதைவிட ஒருத்தன் முதுகில் குத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அத்தானுக்கு மூச்சிரைப்பு உண்டு. நான் கல்லுக்குப் பிளாஸ்டரில் வார்ப்பு எடுக்கும் நிலவறைக்குள் அவர் காலே வைக்கமாட்டார், வாசலில் நின்றுதான் பேசுவார். தரையில் எப்போதும் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குவேன், அவருக்காகத்தான். வியாழக்கிழமை காலை தெளிக்கவில்லை. வார்ப்பைத் தேய்த்த தூள் இரண்டு மூட்டை இருந்தது, அதையும் வெளியே போடவில்லை. காற்றை வெளியே தள்ளும் விசிறி பெரிய இரைச்சல் போடும், பேச்சுக் கேட்காது என்று நிறுத்திவைத்தேன். மேலே அவருடைய கோட்டு நாற்காலியில் கிடந்தது. அதிலிருந்து இன்ஹேலரை எடுத்துவந்தேன். கீழே தேவைப்படும் இல்லையா.

பிறகு கூப்பிட்டேன். "கடிதம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நம்ம கல்லோட வார்ப்பைப் பாருங்க அத்தான். உங்க கையாலேயே எண்ணிப் பாருங்க." என் மனசு நோகக் கூடாது என்று உள்ளே வந்தார். கதவைச் சாத்தினேன். மூட்டையை நகர்த்தும்போது வாய் அவிழ்ந்துவிட்டது. அவிழ்த்துவிட்டேன் என்று எழுதச் சொன்னாலும் ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது சுற்றுவரை விரலால் தொட்டு எண்ணினார். அப்புறம் இருமல் வந்தது. கோட்டைத் தேடுகிறவர்போலத் தன் மார்பைத் தடவினார். தரையில் உட்கார்ந்து என் பக்கம் கையை நீட்டினார். விட்ட இடத்திலிருந்து நான் எண்ணினேன். ஒரு சுற்றையும் தாண்டிவிடக் கூடாது என்று நிதானமாக எண்ணினேன். ஏழு வந்தது. சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

எல்லோரும் தூசியைத்தான் குறை சொன்னார்கள். நான் குழி வரைக்கும் போய் வந்தேன், அழுதேன். அது நடிப்பில்லை. நான்காம் நாள் அக்கா என் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், தட்டுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருந்தது.

"இது உன் சட்டையில எப்படிடா வந்தது?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்தேன். "அவர் உன்னைக் கடைசிவரைக்கும் காட்டிக்கொடுக்கவே இல்லையேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசிப் பக்கம் போனாள். கூடப்பிறந்தவளே இப்படிச் செய்தால் மற்றவர்களை என்ன சொல்வது? நீங்கள் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டேன்.

ஆக, அத்தானைக் கொன்றது நான்தான். இதில் ஒளிவு மறைவு இல்லை. வேலையில் பொய் கலந்தவன் என்று மட்டும் எங்கேயும் குறித்துவிடாதீர்கள், அதை என்னால் தாங்க முடியாது.

அறையின் படம் கேட்டிருந்தீர்கள், தனித்தாளில் வரைந்து இணைத்திருக்கிறேன். கதவு, வார்ப்பு, மூட்டைகள், அத்தான் கிடந்த இடம், நான் நின்ற இடம், எல்லாம் அளவோடு இருக்கிறது. இன்ஹேலரை மட்டும் சுவரின் மேல்தட்டில், எனக்கு எட்டாத உயரத்தில் வரைந்திருக்கிறேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் படத்தைப் பாருங்கள், ஐயா. அங்கே இருந்தால்தான் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது.