கரும்புள்ளிகள் கொண்ட தாள்கள் முப்பத்தெட்டு

இவ்வளவு நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதும். இந்த வாக்குமூலத்தை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. காவல் நிலையத்தில் நான் முன்பு கொடுத்தது எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில், அதில் இல்லாததையும் சேர்த்து, நானே எழுதுகிறேன்.

வயது ஐம்பத்து மூன்று. பூச்சியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். அரசு ஆய்வு நிறுவனத்தின் கொசுப் பிரிவில் இருபத்து நான்கு ஆண்டுகளாக விஞ்ஞானி. பதவி உயர்வு இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. நிறுவனத்தின் பின்பக்கக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், மனைவியோடு வசிக்கிறேன். இந்த வழக்கில் நான் அரசுத் தரப்பின் மூன்றாவது சாட்சி.

எங்கள் பிரிவில் ஒரு கொசுக் கூட்டம் முப்பத்தோரு ஆண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்தது. டெங்குவைப் பரப்பும் இனம்தான். ஆனால் இவை கூண்டுக்கு வெளியே எதையும் பார்த்ததில்லை. இவற்றின் ஒரு தலைமுறைமீதும் பூச்சிமருந்து பட்டதில்லை, எந்த நோயாளியையும் இவை கடித்ததில்லை. ஊரில் அடிக்கும் புகைமருந்து வேலை செய்கிறதா என்று அறிய, ஊர்க் கொசுவையும் இந்தக் கொசுவையும் ஒரே மருந்தில் ஒரு மணி நேரம் வைப்போம். இவை செத்து, ஊர்க் கொசு பறந்துகொண்டிருந்தால், அந்த மருந்துக்கு ஊர்க் கொசு பழகிவிட்டது என்று பொருள். தராசுக்குப் படிக்கல் எப்படியோ அப்படி இது. படிக்கல் இல்லாமல் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், எதையும் நிறுக்க முடியாது.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் பத்தொன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண் ஊழியர். நிறுவனத்தில் எல்லாரும் அவரைக் கொசுக்காரம்மா என்றே அழைப்போம். அவரும் தொலைபேசியை எடுத்தால் "கொசுக்காரம்மாதான் பேசறேன்" என்பார். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு இன்றோடு ஐம்பத்தெட்டு நாளாகச் சிறையில் இருப்பவர் அவர்தான்.

எட்டு மாதங்களுக்கு முன்பு கூட்டணி உடைந்து ஆட்சி கவிழ்ந்தது. புதிய அமைச்சரவை பதவியேற்ற பன்னிரண்டாம் நாள், பழைய ஆட்சி ஒப்புதல் அளித்த ஆய்வுகள் அனைத்தும் மறுபரிசீலனை முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே எங்கள் இயக்குநர் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தை மாற்றிவிட்டார். பழைய அமைச்சரின் சிபாரிசில் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். நாங்கள் அவரைத் தலையாட்டி என்போம். அதன் பிறகு கொள்முதல் நின்றது, அதன் பிறகு ஒப்பந்த ஊழியர்கள் நிறுத்தப்பட்டார்கள். கொசுக்காரம்மா நிறுத்தப்பட்ட மறுநாளிலிருந்து வாசலில் பார்வையாளர் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வந்து, சம்பளம் இல்லாமல், அதே வேலையைச் செய்தார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் நாள்தோறும் 'தீனி' என்று எழுதியிருக்கிறார். அத்துமீறி நுழைந்ததற்கு ஆதாரமாக இன்று அந்தப் பதிவேட்டையே காட்டுகிறார்கள்.

பெண் கொசு முட்டையிட ரத்தம் வேண்டும். அதுவரை இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கிவந்தோம். கொள்முதல் நின்ற பிறகு அவர் தன் இடது கையை முழங்கைவரை கூண்டுக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் பதிவேடு எழுதினார். கை தடித்துப் போகும், வேண்டாம் என்று சொன்னேன்.

"இதுங்க கடிச்சா காய்ச்சல் வராது சார், அரிப்போட போயிடும். நம்ம ஆபீஸ்ல கடிக்கறவங்களுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

அதன் பிறகு மறுபரிசீலனைக் குழு வந்தது. ஐந்து பேரில் ஒருவர்கூடப் பூச்சியியல் படித்தவர் இல்லை. அவர்கள் கொடுத்த படிவத்தில், இத்திட்டம் இந்த ஆண்டு புதிதாகக் கண்டுபிடித்தது என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. படிக்கல் எதையும் கண்டுபிடிப்பதில்லை என்று எழுதினேன். குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற உயரதிகாரி, அதைச் சத்தமாகப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாடே கொசுவை ஒழிக்கணும்னு பாடா படுது. நீங்க முப்பது வருஷமா அதுக்குச் சோறு போட்டு வளக்கறீங்க. உங்களுக்கு அரசாங்கம் வேற சோறு போடுது. நல்லா இருக்குய்யா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கடைசியாக நிறுத்தினார். நகரத்தில் அடிக்கப்படும் புகைமருந்துக்கு ஊர்க் கொசு பழகிவிட்டது, மருந்தை மாற்றாவிட்டால் அடுத்த காய்ச்சல் காலத்தில் உயிர் போகும் என்று அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நான் அறிக்கை கொடுத்திருந்தேன். அந்த அறிக்கை அன்றும் அந்த மேசைமேல்தான் இருந்தது. அதன்மேல்தான் தேநீர்க் கோப்பைகளை வைத்தார்கள்.

அதன் பிறகு, கொசு அறையைப் பத்து நாளுக்குள் காலி செய்து ஒப்படைக்கும்படியும் அதன் மின் இணைப்பைத் துண்டிக்கும்படியும் ஆணை வந்தது. கூண்டுகளில் உயிரோடு இருப்பவற்றைப் பற்றி ஆணையில் ஒரு சொல் இல்லை. முட்டைகளைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மாற்ற அனுமதி கேட்டு அன்றே கடிதம் கொடுத்தேன். உள்வரும் தபால் பதிவேட்டில் அது 412 என்ற எண்ணில் ஏறியது. பதில் இல்லை. ஐந்தாம் நாள் இயக்குநரை அறையில் பார்த்துக் கேட்டேன்.

"கடிதத்தை நான் பாக்கவே இல்லன்னு வச்சுக்குங்க. பாத்தா பதில் எழுதணும், எழுதினா யாராவது கேப்பாங்க. நீங்களே எப்படியாவது பாத்துக்குங்க சார்" என்றார்.

இந்த இனத்துக் கொசு ஈரத் தாளின்மேல் முட்டையிடும். தாளை மெல்லக் காயவைத்தால், அழுக்குத் தாளில் மிளகுப்பொடி தூவியதுபோல் இருக்கும் அந்த முட்டைகள் ஐந்து மாதம் வரை உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் பொரியும். அதன் பிறகு கொசுக்காரம்மாவும் நானும் கடைசி ஒரு வாரத்தின் முட்டைத் தாள்கள் முப்பத்தெட்டைக் காயவைத்து, மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினோம். வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி அவரிடம் சொன்னவன் நான். என் குடியிருப்பை எப்போது வேண்டுமானாலும் நிறுவனம் சோதனை போடலாம், நீங்கள் வேலையிலேயே இல்லாதவர், உங்களை யார் கேட்கப்போகிறார்கள் என்றும் சொன்னேன். என் வீட்டில் அலமாரி இருந்தது, அதில் இடமும் இருந்தது. என் மனைவியிடம் நான் கேட்கக்கூட இல்லை.

"பீரோவுல துணிக்கு நடுவுல வச்சுக்கறேன் சார். எங்க வீட்டுக்காரர்தான், வெளிய இருக்கற கொசு பத்தாதுன்னு கூட்டிட்டு வேற வந்துட்டியான்னு கேப்பாரு. கேட்டுட்டுப் போறாரு. எதாவது கேள்வி வந்துச்சுன்னா?"

"நான் இருக்கேன்மா. நான்தான் சொன்னேன்னு சொல்லிக்கறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு ஒன்பது வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. முதலில் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம், அதன் பிறகு கொசுக்காரம்மா குடியிருக்கும் தெருவைச் சுற்றி. வண்டி வண்டியாகப் புகை அடித்தும் அடங்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. ஏன் மருந்து வேலை செய்யவில்லை என்று பத்திரிகைகள் கேட்டன. அந்த மருந்தையே மறுபடியும் வாங்க உத்தரவு போட்ட அதிகாரிகள் என் அறிக்கையைத் தேடவில்லை, ஆளைத் தேடினார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை காவல்துறையினர் அவர் வீட்டுக்குப் போனார்கள். அங்கு நடந்ததை அவருடைய கணவர் என்னிடம் நேரில் சொன்னார். பெட்டியைத் திறந்த காவலர் பின்வாங்கி நின்றுகொண்டு, "கொசு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"அதான் சார், அந்தப் புள்ளிங்க."

"புள்ளியா? இதைப் புடிக்கவா இத்தனை பேரு கையுறை மாட்டிட்டு வந்தோம்?"

பறிமுதல் பட்டியலில் 'கரும்புள்ளிகள் கொண்ட அழுக்குத் தாள்கள் 38' என்று எழுதியிருக்கிறார்கள். அரசுச் சொத்தைத் திருடியது, கொடிய நோய்க் கிருமியைக் குடியிருப்புப் பகுதியில் பரப்பியது என்று இரண்டு குற்றம். ஒரு முட்டைகூடப் பொரியவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. தாள்கள் காய்ந்திருந்தன என்று அதில் இருக்கிறது.

அதன் பிறகு என்னை விசாரணைக்கு அழைத்தார்கள். இயக்குநர் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்தக் காரில் நான் ஏறியது அன்றுதான். வழியில் சொன்னார்:

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சார். உங்க பிரிவோட ஃபைல் இப்ப அமைச்சர் மேசையில இருக்கு. நீங்க வாயைத் திறந்தா அது கீழ விழுந்துடும். அந்தம்மாவுக்கு நான் நல்ல வக்கீலா பாத்துத் தர்றேன்."

காவல் நிலையத்தில், தாள்களை எடுத்துச் செல்லும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எழுத்தர் அதை "மேற்படி பொருட்கள் கொண்டு செல்லப்பட்டது பற்றி எனக்கு யாதொரு தகவலும் இல்லை" என்று எழுதினார். படித்துப் பார்த்து, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டு, கையெழுத்துப் போட்டேன். பிரிவைக் காப்பாற்றப் போட்டேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்து போட்டேன் என்பதுதான் சரி.

அதன் பிறகு வெளியே வரும்போது நடைக்கூடத்து பெஞ்சில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். நான் என்ன சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். வாக்கு என்னாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"சார், பெட்டியை ஜன்னல் பக்கத்து அலமாரியில வச்சிருக்காங்க. மழை பெஞ்சா சாரல் அடிக்கும். நனைஞ்சா பொரிஞ்சு செத்துடும். கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. இயக்குநர் காரில் காத்திருந்தார். பின்னால் கொசுக்காரம்மாவே எழுத்தரிடம் கெஞ்சி உள்ளே தள்ளி வைக்கச் செய்ததாக அவர் கணவர் சொன்னார். யார் சொல்லி எடுத்தாய் என்று விசாரணையில் பலமுறை கேட்டும் "நானாதான் எடுத்தேன்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறார். ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியானது. இயக்குநர் சொன்ன வக்கீல் வரவே இல்லை. கொசுக்காரம்மாவின் கணவர், தான் வேலை பார்க்கும் தையல் கடையின் முதலாளியிடம் சொல்லித் தானே ஒருவரை அமர்த்தினார்.

சென்ற வாரம் எங்கள் பிரிவு கலைக்கப்பட்டது. கோப்பு அமைச்சரின் மேசைக்குப் போகவே இல்லை என்று தலைமைச் செயலகத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழன் சொன்னான். கொசு அறையில் இப்போது அமைச்சரின் புதிய திட்டத்துக்கான விளம்பரத் தட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். என் அலமாரிகளை அடுத்த அறைப் புள்ளியியல் நிபுணர் ஆணை வந்த அன்று மாலையே இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டதற்கு, "நீங்க இனிமே எதை வைக்கப் போறீங்க சார்?" என்றார். பன்னிரண்டு ஆண்டு அவரோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நீதிமன்றம் கவனிக்க வேண்டியது ஒன்றே. தாள்களுக்கு இன்று நான்கு மாதமும் பதினோரு நாளும் வயது. இன்னும் மூன்று வாரம் போனால் பாதிகூடப் பொரியாது. அதற்குள் பத்துத் தாள்களை எடுத்து, குளோரின் கலக்காத தண்ணீரில் இட்டு, மூடிய அறையில் வளர்த்தால் பத்து, பன்னிரண்டு நாளில் கொசுவாகும். அந்தப் பெண்ணின் தெருவில் பிடித்த கொசுக்களை மற்றொரு குழாயில் எடுத்துக்கொண்டு, இரண்டையும் நகரசபை அடிக்கும் அதே மருந்து தடவிய தாளோடு ஒரு மணி நேரம் வைத்து, மறுநாள் செத்தவற்றை எண்ண வேண்டும். பெட்டியில் இருந்தவை ஒன்று விடாமல் சாகும். தெருவில் பிடித்தவை பெரும்பாலும் பிழைக்கும். புகைக்குச் சாகாத கொசுதான் அந்தப் பிள்ளையைக் கடித்தது. புகைக்குச் சாகிற கொசு அந்தப் பெட்டியில் முட்டையாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் குழந்தைக்கும் காட்டிவிடலாம். கல்லூரி ஆய்வகம் எதிலும் செய்யலாம், நான் தேவையில்லை. மூன்று வாரம் கடந்தால், அவர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய பொருள் காவல் நிலையத்து அலமாரியிலேயே செத்துப்போகும். சிலர் அதற்காகவே வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இதன் அடியில் கையெழுத்துப் போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். போட்டால், அனுமதியில்லாமல் வெளியே பேசியவன் என்று மறுநாளே என்னை இடைநீக்கம் செய்வார்கள்; தாள்களை விட்டுவிட்டு எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுவார்கள்; பேசி முடிப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். போடாவிட்டால், படிக்கும் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்தாலும், இதை எழுதியது நான்தான் என்று எழுத்தில் சொல்வதற்கு இயக்குநர் முதலில் 412-ஆம் எண் கடிதம் வந்தது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். சோதனை முடிவு வந்த அன்று நீதிமன்றத்துக்கு வந்து என் பெயரைச் சொல்கிறேன் என்று ஒரு வரி எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு நான் ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்தவன். அது போன வழி எனக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மேலே உள்ளவை நான் கண்டவை, என் வாயால் சொன்னவை, சொல்ல வேண்டிய இடத்தில் விழுங்கியவை. கூட்டவில்லை, எனக்குச் சாதகமாகக் குறைக்கவும் இல்லை. நீதிமன்றத்துக்கு ஒன்று, அவருடைய வக்கீலுக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என மூன்று உறைகள் ஒட்டியாகிவிட்டன. கொசு யாருடைய கையெழுத்தையும் பார்த்துச் சாவதில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.