லோறன்ஸ் குடும்பம், நாலு பேர்

"நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனான்."

"நிப்பாட்ட இடமில்லை பேர்ளி, பின்னால வாகனம்..."

"பின்னால ஒருத்தரும் இல்லை. ஜொந்தார்மெரி பொலிசுக்கு முன்னால ரண்டு லொறி நிப்பாட்டுற இடம் கிடந்தது. பாத்துக்கொண்டுதான் தாண்டினனீங்கள்."

"முதல் மேல போய் இடத்தைப் பாப்பம். இறங்கேக்க அவங்களிட்டப் போய்..."

"இறங்கேக்க. மூண்டு வருசமா உதைத்தான் சொல்லுறியள். பிறகு பாப்பம், பிறகு பாப்பம்..."

"கத்தாதையும். றோட்டு வழுக்குது."

"அந்தக் கண்ணாடியை ஏன் முகட்டைப் பாத்துத் திருப்பி வைச்சிருக்கிறியள்? பின்னுக்குத் தெரியாமல் ஆரும் கார் ஓடுவினமோ? கையை எடுங்கோ, நான் திருப்பிறன்."

"பேர்ளி. கண்ணாடியைத் தொடாதையும்."

இரண்டு குரலிலும் பேசியது பியட்றிஸ்தான். தம்பி லோறன்சின் குரலுக்குத் தொண்டையைத் தாழ்த்தினாள், மச்சாள் பேர்ளியின் குரலுக்கு மூக்கைச் சுருக்கினாள். நாங்கள் ஐந்து பெண்கள் அடுப்பைச் சுற்றி இருந்தோம்.

பாரிசில் பனி கொட்டி ரெயில்கள் நின்றுபோன இரவு அது. 2018 மாசி. கார் து நோர் ரெயில் நிலையம் வரை போன நாங்கள் வீடுகள் இருக்கிற சார்செலுக்கும் பொண்டிக்கும் போக வழியில்லாமல் திரும்பி, ரூ லூயி-பிளாங் தெருவில் பியட்றிஸ் சமைக்கிற சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்துகொண்டோம். ஷட்டர் அரைவாசி இறக்கியிருந்தது. எல்லோரும் ஒரே செபக்குழு. செபமாலை முடிந்து, பிளேன்ரீயும் முடிந்து, பேச்சு பனியில் வந்து நின்றபோது, பியட்றிஸ் முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் இந்தச் சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

"உன்ர தம்பி பெண்சாதிக்குப் பயந்தவன் எண்டு ஊருக்கே தெரியும்," என்றாள் மரி-லூயிஸ். "அதுக்கு ஏன் லைற்றை நூத்தனீ?"

"கண் கூசுது. பேர்ளி எனக்கு மட்டும் சொன்னது இது, கேளுங்கோவன்."

2016. அதுவும் மாசிதான். பின்னேரம் ஆறே முக்கால். மலையில் ஆறே முக்கால் என்றால் இரவு. பள்ளத்துச் சின்னப் பட்டினத்திலிருந்து மேலே ஏறுகிற றோட்டில் அந்த ஒரு கார்தான். இரண்டு பக்கமும் ஆளுயரப் பனிச் சுவர். வைப்பர் இழுக்கிற சத்தம் மட்டும்...

"அந்த பஸ் பயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்று பியட்றிஸ் கேட்டாள்.

இல்லாமல் என்ன. ஐந்து பேரும் அந்த பஸ்ஸில் போனவர்கள்தானே.

2013இல் எங்கள் செபக்குழு ஒழுங்குபடுத்திய பயணம். பொறுப்பு இராயப்பு அண்ணை. நள்ளிரவில் லா சப்பலில் ஏறி, விடிய ஜூரா மலையில் ஒரு சின்னப் பனிச்சறுக்கு இடத்தில் இறங்கினோம். சேலைக்கு மேலே தடித்த ஜக்கெற், அதற்கு மேலே கம்பளிப் போர்வை. சறுக்க வந்த வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே போய் ஒருவரோடொருவர் முட்டினார்கள். பிள்ளைகளுக்கு லூஜ் என்கிற பிளாஸ்டிக் சறுக்குவண்டி எடுத்துக் கொடுத்தோம். பனிச் சப்பாத்துக்குக் காசு செலவழிக்க யாருக்கும் மனமில்லை. கால்மேசுக்கு மேலே பிளாஸ்டிக் சொப்பிங் பையைச் சுற்றி, அதற்கு மேலே சாதாரணச் சப்பாத்தைப் போட்டோம். ஈரம் ஏறாது. ஆனால் நடக்க நடக்க ஒரு சத்தம் வரும். சரக்... சரக்... என்று.

பேர்ளியின் தம்பி தனூஜனுக்கு அந்தச் சத்தம் பெரிய பகிடி. "அக்கா, நான் நடக்கிறது மன்னார் வரைக்கும் கேக்கும்," என்று சொல்லிச் சொல்லி நடந்தான். இருபத்தெட்டு வயது. அகதி வழக்கை நிராகரித்தாயிற்று, கையில் வதிவிடக் கார்ட் இல்லை. ஆனாலும் எங்கள் எல்லோரிலும் அவன் ஒருவன்தான் அரை நாளுக்குச் சறுக்குப் பலகை வாடகைக்கு எடுத்தான். பதினேழு தரம் விழுந்தான். நாங்கள் வரிசையாக நின்று எண்ணினோம். பிறகு பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு சாப்பிட வந்தான்.

சாப்பாடு மேலே, காட்டோரம். இந்தக் குசினியின் பெரிய சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி, லூஜில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். கொதிக்கக் கொதிக்கப் பனியில் வைத்ததால் சட்டி அடிப்பனியை உருக்கிக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அதற்கும் சிரித்தோம்.

"நாலே முக்காலுக்குத்தான் லோறன்சுக்குச் சட்டி ஞாபகம் வந்தது," என்றாள் பியட்றிஸ். "எல்லாரும் பஸ்ஸடிக்கு வந்திட்டினம். தனூஜன், சட்டியை மேல விட்டிட்டம், முதலாளி என்ர அக்காவைத்தான் பேசுவார், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா எண்டிருக்கிறான். பஸ் போயிடுமே அத்தான் எண்டு அவன் கேட்டிருக்கிறான். பஸ் நிக்கும், நீ போ எண்டு இவன் சொல்லியிருக்கிறான். ஓம் அத்தான் எண்டிட்டுப் போனவன்."

பனி தடிக்கத் தொடங்கியது. றோட்டை மூடப்போகிறார்கள் என்று சாரதி ஹோர்ன் அடித்தார். இராயப்பு அண்ணை முன்னுக்கு நின்று பட்டியலை வாசித்தார். எங்கள் பயணங்களில் ஆளாளாய்ப் பேர் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. குடும்பமாகக் கூப்பிடுவார், குடும்பத்துக்கு ஒருவர் பதில் சொல்வார்.

லோறன்ஸ் குடும்பம்?

ஓம், நாலு பேர்.

லோறன்ஸ், பேர்ளி, அவர்களுடைய மகள், தனூஜன். அண்ணை சரி போட்டார். பஸ் வெளிக்கிட்டது. பேர்ளி அதற்கு முதலே மகளை மடியில் போட்டுக்கொண்டு நித்திரையாகியிருந்தாள்.

"விழுந்ததை எண்ணின நாங்கள், ஏறினதை எண்ணேல்லை," என்றாள் பியட்றிஸ்.

தனூஜனின் இருக்கை எனக்குப் பக்கத்து இருக்கை. காலியாகக் கிடந்தது. என் கைப்பையை அதில் வைத்தேன்... பாரிஸ் வரும்வரை அது அங்கேதான் இருந்தது. இதை அன்றிரவு அடுப்படியில் நான் சொல்லவில்லை.

"அவன் ஏறேல்லை எண்டு உன்ர தம்பிக்குத் தெரியாதோ?" மரி-லூயிஸின் குரலில் பகிடி இறங்கியிருந்தது.

"பின் கதவால ஏறியிருப்பான் எண்டு நினைச்சனாம். மூண்டு வருசமா அதைத்தான் சொன்னவன்."

"லியோனில சிநேகிதன் ஒருத்தனோட நிண்டிட்டான் எண்டெல்லோ எங்களுக்குச் சொன்னவை."

"இராயப்பு அண்ணைக்கு அவன் சொன்ன பொய் அது. ஓட்டோறூட் பெருந்தெருவில தேத்தண்ணிக்கு நிப்பாட்டேக்கதான் பேர்ளி முழிச்சுத் தம்பியைத் தேடினது. பொலிசுக்குச் சொல்லுவம் எண்டிருக்கிறாள். விசர்க்கதை கதையாதையும், அவனுக்குக் கார்ட் இல்லை, பிடிச்சுப் பிளேனில ஏத்திப்போடுவாங்கள், அவன் கெட்டிக்காரன், ரெயில் பிடிச்சு வருவான், விடியட்டும் எண்டிருக்கிறான் இவன். விடிஞ்சுது. அவன்ர போன் நிண்டிட்டுது. அடுத்த நாள், இனிச் சொன்னால் நேற்று ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள். அடுத்த கிழமை, போன கிழமை ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள்..."

மூன்று வருடம் அப்படியே போனது. மன்னாரிலிருந்து தாய் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பா. தனூஜன் லண்டனுக்குப் போய்விட்டான், போன் எடுக்க முடியாத வேலை என்று பேர்ளி சொல்வாள். இறந்தவனென்று ஒப்புக்கொள்ளாததால் அவனுக்கு ஒரு பூசைகூட ஒப்புக்கொடுக்க முடியவில்லை. 2016 மாசியில் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டு ஒன்று மட்டும் கேட்டாவாம். அவனை ஒருக்கா போனில ஓம் அம்மா எண்டு சொல்லச் சொல்லு பிள்ளை, காணும்.

அன்றிரவு பேர்ளி லோறன்சுக்கு முன்னால் கார்த் திறப்பை வைத்தாள். நாளைக்கு அந்த ஊர் ஜொந்தார்மெரிக்குப் போய் ஆளை விட்டுவிட்டு வந்தோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தான் தனியப் போவாள். மகளைக் கொண்டுவந்து பியட்றிசிடம் விட்டுவிட்டுத்தான் இருவரும் வெளிக்கிட்டார்கள்.

"மேல போயிட்டினம்," என்றாள் பியட்றிஸ். இப்போது குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

காற்று பலமென்று அன்று அந்த இடத்தை மூடியிருந்தார்கள். லைற் இல்லை. பஸ் நின்ற இடத்தில் ஒரு வாகனமும் இல்லை. இழுவைக் கம்பியில் தொங்கிய நாற்காலிகள் காற்றில் கிரீச்... கிரீச்... என்றன. லோறன்ஸ் எஞ்சினை நிற்பாட்டவில்லை. இறங்கவும் இல்லை.

"இஞ்சையாவது சொல்லுங்கோ," என்றாள் பேர்ளி. "பின் கதவால ஏறியிருப்பான் எண்டு உண்மையிலயே நினைச்சனீங்களோ?"

லோறன்ஸ் வைப்பரை நிற்பாட்டினான்.

"திரும்பிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் பாக்கேல்லை?"

"தெரிஞ்சிடும் எண்டுதான்... பாக்கேல்லை. விடிய அஞ்சு மணிக்கு எனக்கு வேலை. றோட்டை மூடினால் இரவு முழுக்க அங்கை கிடக்கவேணும். எல்லாரும் என்னைப் பேசுவினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு... நேர முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

பேர்ளி அழவில்லை. அடிக்கவுமில்லை. அவளும் நேரே முன்னுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

தூரத்தில். காட்டுப் பக்கம். சரக்... சரக்... சரக்...

காற்றென்று நினைத்தார்கள். காற்றுக்கு நடை இல்லை. இது நடந்தது. சரிவில் இறங்குகிறவன் குதிக்காலை ஊன்றி ஊன்றி வைக்கிற நடை. நடுவில் ஒரு அலுமினியச் சத்தம். டிங்... மூடி சட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம். சரக்... சரக்... டிங்...

காருக்குப் பின்னால் வந்து நின்றது.

பின் கதவு திறந்தது. உள் லைற் பற்றியது. முதலில் குளிர் வந்தது, கழுத்துப் பிடரியில் ஈரத் துணியைப் போட்டமாதிரி. பிறகு வாசம். உறைந்த ஆட்டுக் கொழுப்பு, ஈரச் சப்பாத்து... பின் இருக்கை ஒருவர் இருந்தால் அமுங்குகிறமாதிரி அமுங்கியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பிறத்தியாருடைய காரில் ஏறுகிறவர் சாத்துகிற பதம். லைற் நூர்ந்தது.

பிறகு மூச்சு. ஓடிவந்தவனுடைய மூச்சு.

"திரும்பிப் பாத்தவையோ?" சுஜானி கேட்டாள். எங்களில் இளையவள் அவள், மரி-லூயிஸின் மருமகள்.

"பேர்ளி கண்ணாடிக்குக் கையை உயத்தினவளாம். மூண்டு வருசமா லோறன்சைத் திரும்பிப் பாக்காத ஆள் எண்டு பேசினவள்தானே... கை அரைவாசியில நிண்டிட்டுதாம். திருப்பேல்லை. அவளும் திருப்பேல்லை."

லோறன்ஸ் காரை எடுத்தான். கீழே இறங்க இருபது நிமிடம். வளைவுகளில் மட்டும் மூடி அசைந்தது. டிங்...

பட்டினத்து வாசலில் ஜொந்தார்ம் ஒருவர் றோட்டில் நின்று கையைக் காட்டினார். அவர் வாகனத்தின் நீல லைற் பனியில் சுழன்றுகொண்டிருந்தது. மூன்று வருடம் எந்த ஆளுக்குப் பயந்தார்களோ அந்த ஆள். வயது முப்பதுகூட இராது, தொப்பியில் பனி. லோறன்ஸ் கதவுக் கண்ணாடியை இறக்கினான்.

மேல் றோட்டை மூடுகிறோம் மிஸ்யூ, என்றார் மரியாதையாக. மேலே ஒருவரும் அகப்பட்டுக்கொள்ளக்கூடாது. அதனால் இறங்குகிற ஆட்களை எண்ணி எழுதுகிறோம்.

கையில் ஒரு பட்டியல் இருந்தது. பேனை இருந்தது.

ரோர்ச்சை லோறன்சின் முகத்துக்கு அடித்தார். பேர்ளியின் முகத்துக்கு அடித்தார். பிறகு பின் இருக்கைக்கு. வெறும் இருக்கையென்றால் வெளிச்சம் ஒரு தடவை சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கும். இது நின்றது. ஒருவர் கண்ணில் அடித்துவிட்டால் கூச்சப்பட்டுத் தாழ்த்துவார்களே... அப்படித் தாழ்த்தினார். தலையை லேசாக அசைத்து ஒரு வணக்கமும் சொன்னார்.

பிறகு பேனையை வைத்துக்கொண்டு லோறன்சிடம் கேட்டார்.

நீங்கள் எத்தனை பேர்?

பியட்றிஸ் நிறுத்தினாள். அடுப்பு ஆறுகிற சத்தம் டிக்... டிக்... என்றது. ஷட்டருக்குக் கீழே பனி உள்ளே வந்து ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

"சொன்னவனோ?" என்றாள் மரி-லூயிஸ்.

"வாயைத் திறந்தவனாம். பேர்ளி அவன்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தவள். ரண்டு எண்டு சொன்னால், அவனை இன்னொருக்கா மேல விட்டிட்டு வாறது..."

பேனை பட்டியலில் தொட்டபடி நின்றது. பின்னால் மூடி ஒருமுறை அசைந்து நின்றது. ஓடிவந்த மூச்சு லோறன்சின் காதோரம் வந்தது.

"அத்தான், கேக்கிறாரல்லே... சொல்லுங்கோ. லோறன்ஸ் குடும்பம், எத்தினை பேர்?"