குந்திப் பார்த்து வாங்கிய காற்சட்டை

தலைமை இருக்கையை நிறைத்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி ஐயா அவர்களே, பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோரே, பிள்ளைகளைப் பெற்றதோடு சைக்கிள் ஓட்டவும் அனுப்பிவைத்த தாய்மாரே, தங்கைமாரே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸுஹைனா, மட்டக்களப்புப் பெண்கள் மலைச் சைக்கிள் அணியின் தலைவி.

வெற்றியைப் பேச அழைத்தீர்கள். நான் காற்சட்டையைப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், பின்வரிசைத் தம்பிமாரே! ஒரு பெண்ணின் எலும்பு உடைந்த கதை இது.

வாவிக் கரையில் வலம்வந்து, வட்டை வயல்வரம்பில் வழுக்கிவிழுந்து, வியர்வை வழிய வழியப் பழகிய எங்களுக்கு, சென்ற ஆண்டு பதுளை மலைப் போட்டிக்கு எதைத் தந்தீர்கள்? ஆண்கள் அணியில் மிஞ்சிய காற்சட்டைகளை! களுதாவளைத் தக்ஷாயினி உடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது ஆம்புளையளுக்குத் தைச்ச கழுசான் கா. குனிஞ்சா பின்னுக்கு இறங்குது, எழும்பினா நடுவால தொங்குது."

ஐயாவிடம் ஓடினேன். ஐயா சொன்னார்: "நாடா இரிக்கிதானே புள்ள, இழுத்துக் கட்டுங்க. சைக்கிள்தானே ஓடுற, கழுசானா ஓடப்போகுது?"

ஓடியது சைக்கிள்தான் ஐயா. ஆனால் விழுந்தது யார்?

செங்குத்தான இறக்கத்தில் தக்ஷாயினி எழுந்து உடலைப் பின்னுக்குத் தள்ளினாள். தொங்கிய துணி இருக்கையின் முனையில் கொளுவியது. பின்னுக்குப் போக வேண்டியவள் முன்னுக்குப் பறந்தாள். காறை எலும்பு இரண்டாக முறிந்தது. அப்போது அவளைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "பொம்புளப் புள்ளைக்கு மலை ஏலாது" என்றார்கள். மலையையா பழித்தார்கள்? துணியையா பழித்தார்கள்? பெண்ணைப் பழித்தார்கள்!

அன்றே முடிவெடுத்தோம், இனி மிஞ்சியதை உடுப்பதில்லை என்று. நகரத்தில் ஹமீட் நானாவின் விளையாட்டு உடுப்புக் கடைக்குச் சைக்கிளோடு போனோம். "கடைக்குள்ள சைக்கிளா? சாமானெல்லாம் விழுந்திரும் புள்ள!" என்று பதறினார். கட்டுப்போட்ட கையோடு நின்ற தக்ஷாயினியைக் கண்டதும் வழிவிட்டார்.

எங்கள் அணியின் ஸாதியா ஒன்றை உடுத்துக் கண்ணாடிமுன் நின்று, "நல்லாத்தான் இரிக்கி" என்றாள். தக்ஷாயினி சீறினாள்: "நிண்டு பாக்காத கா, சைக்கிள்ல குந்திப் பாரு!" குந்தினாள், முதுகு தெரிந்தது. கழற்றினாள். அடுத்தது தொடையை இறுக்கியது, மிதிக்க விடவில்லை. இன்னொன்றின் தையல் உட்காரும் இடத்திலேயே உறுத்தியது. கடைசியில் ஒன்று கிடைத்தது. பின்னிடுப்பு உயர்ந்தது, நடுவில் தொங்காதது, முழங்காலை மடக்கினாலும் மேலேறாதது. கணுக்கால்வரை மூடும் தன் லெகிங்ஸின் மேல் அதை உடுத்து, எழுந்தாள், குனிந்தாள், மிதித்தாள். "இப்ப உடுத்திரிக்கிறதே தெரியல்ல" என்றாள். அதுதானே அளவு!

என்ன ஐயா, நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள். முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

இந்த ஆண்டு அதே மலை, அதே இறக்கம். வளைவில் நின்று தக்ஷாயினி, "பின்னுக்குப் போ கா, பின்னுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஸாதியா பறந்து இறங்கினாள், முதலாவதாக வந்தாள். தோள் இன்னும் சரியாகாததால் போட்டியில் ஓட முடியாத தக்ஷாயினி அவளைக் கட்டிக்கொண்டு விம்மி அழுதாள். நானும் அழுதேன். மகிழ்ச்சி பாதி, ஆத்திரம் பாதி.

இதோ, மேசையில் பொன்னாடைகள். பொன்னாடைக்கு அளவு தேவையில்லை, யார் தோளிலும் அமரும். அதனால்தான் அதைத் தருவது உங்களுக்கு எளிது! எங்களுக்கு வேண்டாம். முன்வரிசையில் புதிய அணிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறங்கி வாருங்கள் ஐயா. "மகள், உனக்கு என்ன அளவு?" என்று இந்தச் சபை கேட்க ஒருதரம் கேளுங்கள்!

எழுந்து நின்று கைதட்டும் தாய்மாருக்கும், இடையில் எழுந்து போகாத பெரியோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம், வஸ்ஸலாம்.