பதினோராவது முகவரி

இரவு இரண்டே முக்கால். பைபாஸ் சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது... பைக்கில் பறந்துகொண்டிருந்தவர் என் நண்பனின் மச்சான். ஓர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்ப்பவர். யாரும் குறுக்கே பேசக் கூடாது. பேசினால் எழுந்து போய்விடுவேன்.

அங்கே ஐசியூவில் பத்துப் படுக்கை. படுக்கைக்கு ஒரு மானிட்டர், மானிட்டருக்கு ஓர் ஐபி முகவரி; படுக்கை எண்தான் அதன் கடைசி எண். நாடித் துடிப்பு நர்ஸ் மேஜைக்குப் போக, நெட்வொர்க்கின் காவல்காரனான ஃபயர்வால் வழிவிட வேண்டும். முன்பெல்லாம் முகவரிக்கு ஒரு விதி என்று ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாமே ஆமை வேகம். மச்சான் அத்தனையையும் வழித்துப் போட்டுவிட்டு, பிரிவுக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கு ஒரே விதி என்று மாற்றினார். ஐசியூ பட்டியலில் பத்தே இடம். நிறைந்த பின் ஒன்றைச் சேர்த்தால், உள்ளே இருப்பதில் ஏதோ ஒன்று வெளியே விழும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவரே வைத்த ஏற்பாடு. பெரிய கெட்டிக்காரர்!

ஒரு ராத்திரி நான்காம் படுக்கை தானாகவே பட்டியலிலிருந்து விழுந்தது. அடுத்த வாரம் ஒன்பது. இரண்டு பேருமே விடிவதற்குள் போய்விட்டார்கள்.

"மேஜையில தெரியலைன்னதும் ஓடிப்போய்ப் பக்கத்துலயே நின்னேன் சார்... அப்படியும் போயிட்டாங்க," என்று நர்ஸ் அழுதாராம்.

மூன்றாவதாக விழுந்தது ஏழு. ஏழில் இருந்தது மச்சானின் தங்கை. என் நண்பனின் மனைவி. அதற்குத்தான் அந்த ஓட்டம்.

சர்வர் அறை. ஏசியின் உறுமல். கருகிய வயர் வாடை... எதுவும் கருகியிருக்கவில்லை. பட்டியலைத் திறந்தார். ஏழைக் காணோம். ஆனால் எண்ணிக்கை பத்து. ஏழின் இடத்தில், பதினொன்றில் முடியும் ஒரு முகவரி.

பதினோராவது படுக்கையே கிடையாதே ஐயா!

அழித்தார். வந்தது. மறுபடி அழித்தார். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. எந்தக் கேபிளில் இருக்கிறது என்று தேடினார். எதிலும் இல்லை. போன் அடித்தது, ஐசியூவிலிருந்து என் நண்பன்.

"டேய் மச்சான், பல்ஸ் இறங்குதுடா... உன் கால்ல விழுறேன், ஏதாவது பண்ணுடா!"

ஏழைச் சேர்த்தார். ஏற்றுக்கொண்டது. மூன்று வெளியே விழுந்தது. பதினொன்று அசையவில்லை.

தங்கை காலையில் கண் விழித்தாள். மூன்றில் இருந்த வேன் டிரைவர் ஐந்து மணிக்கே போய்விட்டார்.

அவள் இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறாள். மானிட்டர் பழுது என்று எழுதி ஒட்டி, ஏழாம் படுக்கையில் யாரையும் படுக்க விடுவதில்லை மச்சான். ஆனாலும் மாதத்தில் ஒரு ராத்திரி ஏழு விழுகிறது. அவர் சேர்க்கிறார். வேறொன்று விழுகிறது. லீவு எடுப்பதில்லை. தூக்கம் போயே போச்சு.

மச்சானே இதைச் சொல்லக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவதான் வீட்டுக்கு வந்துட்டாளேப்பா! ஒரே ஒரு தடவை சேர்க்காம விட்டுப் பாரேன்!" என்று கத்தினேன்.

"உங்க தங்கச்சியா இருந்தா விட்டுப் பார்ப்பீங்களாண்ணா?"



போன வாரமும் ஏழு விழுந்ததாம். சேர்த்துவிட்டார். இந்த முறை வெளியே விழுந்தது ஒன்றாம் படுக்கை. பதிமூன்று வயதுப் பெண். அவளுடைய அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மச்சான் அவனைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்.