பெருக்கிய பாதை

முழங்கால் நன்றாக இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஐயா முதலில் அதைக் கவனிக்க வேண்டும். இந்த வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் எழுத்தரே எழுதுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவன். கற்றதை வேறு எங்கே காட்டுவது?

பூங்காவில் நடைபாதை பெருக்குவதுதான் என் தொழிலாக இருந்தது. பூ மற்றவர்களுக்கு அழகு. எனக்கு அது நாளைய குப்பை. முழங்கால் போனதும், நிழலில் வேலை, குனிய வேண்டாம் என்று ஓவியக் கூடத்துக்கு மாற்றினார்கள். மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்த ரூம் உன் பொறுப்பு. ஒரு குப்பை என் கண்ணுல பட்டுச்சு, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்." எனக்கு முன் இருந்தவரை ஒரு மிட்டாய்க் காகிதத்துக்காக அனுப்பியவர் அவர். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

அந்த அறையில்தான் அந்தப் படம் இருந்தது. இரண்டு பக்கமும் பூச்செடி, நடுவில் ஒரு பாதை. பழைய எண்ணெய்ச் சாயம். வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கும் அக்கா ஒருவர் உண்டு. புதுமாதிரி வரையத் துணிந்த முதல் ஆட்களில் ஒருவர் வரைந்தது என்பார். துணிச்சல்தான். இரண்டு பக்கமும் பூத்துக் கொட்டுகிறது, பாதை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக அப்பிக் கிடக்கிறது, ஒரு துடைப்பம்கூட வரையவில்லை.

நான் அவசரப்படவில்லை. முறையாக அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

"ஏன்க்கா, அந்தப் பாதையை யாருமே கவனிக்கலையா?"

"கிட்டப் போய்ப் பாக்காதீங்கண்ணே. தள்ளி நின்னு பாருங்க, அப்பதான் அழகு தெரியும்."

தள்ளி நின்று பார்த்தால் எந்த வீடும் சுத்தமாகத்தான் தெரியும்.

கூடத்தின் வார விடுமுறை அன்று, காவல்காரர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, படத்தில் இருந்த பாதையைப் பெருக்க ஆரம்பித்தேன். காவல்காரருக்கு இதில் பங்கில்லை. அவருக்கு எதிலுமே பங்கில்லை. காய்ந்த துணிக்கு வரவில்லை. சோப்புத் தண்ணீருக்கும் மசியவில்லை. கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் விட்டுப்போன தின்னர் ஒரு டப்பா மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதற்கு மசிந்தது. பஞ்சில் தொட்டு, செடிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்து, காற்றோடு பெருக்குகிற மாதிரியே செய்தேன். காற்றுக்கு எதிரே பெருக்குகிறவன் மூடன். செடியில் இருந்த பூவைத் தொடவில்லை. உதிர்ந்ததை மட்டும்தான். உதிரப்போகிற மாதிரி இருந்த சிலதை முன்கூட்டியே எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கீழ் மூலையில் யாரோ தன் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருந்தான். நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். பூங்கா பெஞ்சுகளில் பெயர் எழுதுகிறவர்களோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டியவன் நான். அதையும் எடுத்தேன்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி கையில் கரண்டியோடு திரும்பினாள்.

"வீட்டைப் பெருக்கச் சொன்னா முழங்கால் வலி. படத்தைப் பெருக்க வலிக்கலையாக்கும்?"

"அது நின்னுக்கிட்டே பெருக்குறது," என்றேன்.

மேலாளர் அடுத்த தடவை வந்தபோது, "பரவாயில்லையே, ரூம் பளிச்சுனு இருக்கு" என்றார். அந்தப் படத்துக்கு எதிரில் நின்றுதான் சொன்னார். அதையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது.

அக்காவும் கவனிக்கவில்லை. அவர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவார். "பாதை முடியிற இடத்துல வெள்ளை உடுப்புல ஒரு பொண்ணு நிக்கிறா பாருங்க. இந்தப் படத்துக்கு உயிரே அவதான்" என்று பின்பக்கமாகக் கையை நீட்டுவார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். வாரக்கணக்கில் இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர், கோளாறு தன் கண்ணில்தான் என்று எண்ணி, "எந்தப் பக்கம்மா நிக்கிறா?" என்று கேட்டுத் தொலைத்தார். அக்கா திரும்பினார். அவர் போட்ட சத்தத்தில் காவல்காரரே விழித்துக்கொண்டார்.

நீங்களும் அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அந்தப் பெண் எங்கே என்று. வரைந்தவருடைய மனைவியாம். படம் முடிந்த சில நாளிலேயே இறந்துபோனவராம். அவர் இருந்த படம் இது ஒன்றுதானாம். வருத்தமாகத்தான் இருக்கிறது. வெள்ளையாக ஏதோ காகிதம் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரு காகிதத்துக்கு ஒருத்தர் வேலை போன அறை அது. எனக்கும் பிழைப்பு இருக்கிறது அல்லவா?

கையெழுத்துப் போடுமுன் ஒன்று மட்டும். ஈவிரக்கம் இல்லாமல் செய்துவிட்டான் என்று என்னைப் பற்றி யாரும் பேசக் கூடாது. நான் மரியாதை தெரிந்தவன். பெருக்கும்போது வழியில் யார் நின்றாலும் முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். அந்த அம்மாவிடமும் சொன்னேன், "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்று. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

அவர்தான் நகரவில்லை.